கொடியில் இல்லாத நாட்டு மருமகன்

தொலைக்காட்சியில் தேசிய கீதம் தொடங்கியதும் அவன் எழும்பி நின்றான்.

நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு ஹோல். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்ததால் சாம்பல் நிறக் காலுறையோடு நின்றான். ஒரு காலுறையின் பெருவிரல் பக்கம் நூல் விட்டிருந்தது. கையில் என் மனைவி பவானி கொடுத்த மீன் ரோல்ஸ், பாதி கடித்தபடி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினான்.

வேல்ஸ் அணியின் விளையாட்டு தொடங்கப்போகிறது. பாட்டு எங்களில் ஒருவருக்கும் விளங்காத மொழி. சில எழுத்துகளைத் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுக்கிறான். பிறகு திடீரென்று நீளமாக, அழகாக ஓர் இழுப்பு. பாட்டு பாதி போவதற்குள் கண் கலங்கிவிட்டது.

விருந்தாளி நிற்கும்போது நாங்கள் இருப்பது மரியாதை இல்லையென்று பவானியும் எழும்பினாள். மகள் ஆரணி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். நான் மட்டும் சோபாவில் இருந்தேன். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது நல்லதாகப் போயிற்று.

அழுகிற ஆம்பிளைகளில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நானே சின்ன விசயத்துக்கும் அழுகிறவன். ஆனால் இதே ஆள், அந்தக் கோடையில் இதே ஹோலில் இருந்து, ஒலிம்பிக் படகோட்டத்தில் பிரித்தானியா வெல்ல வேண்டுமென்று கத்தித் தொண்டை கட்டினவன். கோடையில் பிரித்தானியன், ஐப்பசியில் வேல்ஸ்காரன் என்றால் தையில் என்னவாக வருவான் என்று நான் யோசித்ததில் என்ன பிழை?

ஆள் றீஸ். திராமன் நகரத்தில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் ஆரணியோடு வேலை. ஆரணி அவனைத்தான் கலியாணம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். பவானி அன்றைக்கே 'அவர்' என்று தொடங்கிவிட்டாள். எனக்கு அவன்தான்.

ஊர் விசாரித்த கதை

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு மாப்பிள்ளை வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை ஊர் விசாரிப்பது. ஆள் எந்த ஊர், எந்தப் பகுதி, தாய் வழி ஆர், தகப்பன் வழி ஆர். இரண்டு தொலைபேசி அழைப்பில் ஒருவனுடைய முழு வரலாறும் கைக்கு வந்துவிடும். அவன் சின்ன வயதில் யாருடைய மாமரத்தில் இருந்து விழுந்தான் என்பது உட்பட.

றீஸுக்கும் அதைத்தான் செய்தேன். லண்டனில் இருக்கும் என் மச்சாள் ரதியைத் தொலைபேசியில் எடுத்தேன். அவளுக்குத் தெரியாத குடும்பம் ஐரோப்பாவில் இல்லை. ஒரு கிழமை கழித்து அவளே எடுத்தாள்.

"மச்சான், ஒண்டும் பிடிபடேல்லை. அந்த ஊர்ப் பக்கம் எங்கட சனம் ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஒருக்காக் காரிலை போய்ப் பாத்தனாங்கள்."

"போனனீங்களோ?"

"பின்னை? ஒரே மலையும் ஆடும். றோட்டுப் பெயர்ப்பலகையிலை முதல் அவங்கட பாஷை, பிறகுதான் இங்கிலீஷ்."

"அப்ப அது தனி நாடோ?"

"இல்லை. எங்களிட்டை இருக்கிற அதே பாஸ்போட்தான் அவங்களிட்டையும்."

"பிறகேன் அப்பிடி எழுதிக் கிடக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன், மச்சான்" என்றாள். அவளுடைய குரலிலும் சந்தேகம் ஏறியிருந்தது.

பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே இருக்க வேண்டும் என்பதற்காகத் தார்ச்சட்டியோடு திரிந்தவர்கள் எங்கள் நாட்டில் உண்டு. அந்தத் தாரின் மணம் தெரிந்தவனுக்கு, ஒரு அரசாங்கம் சும்மா இருந்து இன்னொருவனின் மொழியை மேலே எழுத விடும் என்பது நம்பக்கூடிய கதையாக இல்லை. இதற்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கு நாடென்றால் பெட்டி

என் சந்தேகத்துக்குத் தொழிலும் ஒரு காரணம். நான் இங்கே வந்த காலத்திலிருந்து தபாலகத்தில் கடிதம் தரம் பிரிக்கும் வேலை. இப்போது கடிதம் குறைந்து பொதிதான் கூட, ஆனாலும் வேலை அதேதான். வெளிநாட்டுக்குப் போகிறதை நாடு நாடாகப் பெட்டியில் போட வேண்டும். வேல்ஸுக்குத் தனிப்பெட்டி கிடையாது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் ஒரே பெட்டிக்குள் விழும். எங்களுக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் கொழும்புக்குப் போகிற பெட்டிக்குள்தான் நான் போட்டேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பலமாகத்தான் போட்டேன்.

ஒருநாள் வேலை இடைவேளையில் கைத்தொலைபேசியில் பிரித்தானியக் கொடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்தின் சிலுவை இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் சிலுவை இருக்கிறது. அயர்லாந்தின் சிலுவைகூட இருக்கிறது. வேல்ஸின் கொடியில் இருக்கும் பறவைநாகத்தைக் காணவில்லை. வாலைக்கூடக் காணவில்லை.

இலங்கைக் கொடியில் எங்களுக்கென்று ஒரு செம்மஞ்சள் கோடாவது இருந்தது. சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியேதான். சிங்கமும் வாளைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடிதான். ஆனாலும் கோடு இருந்தது. கோடே இல்லாதவன் அந்தக் கொடிக்குக் கைதட்டுகிறான் என்றால் அவனுக்கு மண்டையில் பிசகு, அல்லது வேறு நோக்கம்.

வேறு நோக்கம் என்று சொன்னவர் குணம் அண்ணை. ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கம் இருக்கிறார். அந்தக் காலத்திலிருந்து எல்லா ஊர்வலத்திலும் முன்வரிசை. நோர்வேக்காரர் இலங்கைக்குச் சமாதானம் பேசப் போன காலத்தில், யார் யாரிடம் என்ன கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. நான் றீஸின் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து இருந்தார்.

"தம்பி, பிரியவும் மாட்டான், ஆனா தனி இனம் எண்டும் சொல்லுவான். அப்பிடியோ?"

"ஓம் அண்ணை."

"இது எங்கையோ கேட்ட கதை மாதிரிக் கிடக்கு. ஒன்றுபட்ட நாட்டுக்குள்ளை தீர்வு எண்டு எங்களுக்கு எத்தினை பேர் வந்து படிப்பிச்சவங்கள்? இப்ப மருமோன் வேஷத்திலை ஒருத்தன். ஆர் அனுப்பினது எண்டு கேட்டனியோ?"

நான் சிரித்தேன். ஆனால் ரயிலில் வீட்டுக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. யார் அனுப்பினது என்று கேட்டுப் பழகிய சனம் நாங்கள். அது இலேசில் போகாது.

மீன் பொரித்ததால் வீடு வாங்கிய கதை

திரும்பவும் அந்த ஐப்பசி மாலைக்கு வருகிறேன். விளையாட்டு முடிந்தது, வேல்ஸ் தோற்றது. பவானி தேநீர் கொண்டுவந்தாள். இதுதான் சந்தர்ப்பம் என்று கோப்பையை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். நாங்கள் நோர்ஸ்க்கில், இந்த நாட்டு மொழியில்தான் கதைப்போம். வந்து கொஞ்சக் காலத்திலேயே அவனுடைய நோர்ஸ்க் என்னுடையதைவிட நல்லதாகிவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"உன் நாடு தனியாகப் போக வேண்டுமா, இல்லையா?"

"திங்கட்கிழமை போக வேண்டும் என்று நினைப்பேன். வியாழக்கிழமை வேண்டாம் என்று நினைப்பேன்" என்றான்.

"அது பதில் இல்லை."

"எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்குப் பிரிய வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறார்கள்."

ஆரணி சிரித்தாள். நான் விடவில்லை. இங்கிலாந்துக்காரர் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். செய்தார்கள் என்றான். ஒரு பள்ளத்தாக்கை, அதற்குள் இருந்த வீடுகளோடும் பள்ளிக்கூடத்தோடும் தேவாலயத்தோடும் அணை கட்டித் தண்ணீருக்குள் தாழ்த்தி, அந்தத் தண்ணீரை இங்கிலாந்து நகரமொன்றுக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னான். அவனுடைய தகப்பன் அந்த அணையைக் கடந்து போகும்போது இன்றைக்கும் காரில் வானொலியை நிறுத்திவிடுவாராம்.

"அதுக்குப் பிறகும் நீ படகுக்காரனுக்குக் கத்தினாய்?"

"அந்தப் படகில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் இருந்தான்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரித்தானியா என்பது போறெட்ஸ்லாக் மாதிரி" என்றான்.

ஒஸ்லோவில் இருப்பவர்களுக்குப் போறெட்ஸ்லாக் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அடுக்குமாடியில் உங்களுக்கென்று ஒரு வீடு இருக்கும். ஆனால் கட்டடம் எல்லோருக்கும் பொது. பல்கனிக்கு என்ன நிறம், யார் எப்போது படி கூட்டுவது, எல்லாவற்றையும் ஒரு நிர்வாகக் குழு முடிவுசெய்யும். உள்ளே நீங்கள் ராசா. கதவுக்கு வெளியே குழு.

பாவம், அவனுக்குத் தெரியாது, யாரிடம் போறெட்ஸ்லாக் கதை சொல்கிறான் என்று. நாங்கள் ஹொல்ம்லியாவில் அப்படியொரு வீட்டில் இருந்தவர்கள். ஒரு வருடாந்தக் கூட்டத்தில் சமையல் மணம் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் மிகவும் நாகரிகமாக மேசையைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நெருப்புப் பிடித்தது. அதற்குப் பிறகு பவானி யன்னலைப் பூட்டிவிட்டுத்தான் மீன் பொரித்தாள். வீட்டுக்குள் புகை மூட்டம். எனக்குச் சகிக்கவில்லை. லோறென்ஸ்கூக்கில் கடன்பட்டு இந்தத் தனி வீட்டை வாங்கினேன்.

இதை அவனுக்குச் சொன்னேன். "நான் வெளியே வந்துவிட்டேன். இப்போது என் வீட்டில் நான் நினைத்ததைப் பொரிப்பேன்."

"நல்லது" என்றான். "கூரை ஒழுகினால்?"

"நான்தான் ஏறுவேன்."

"பனி?"

"நான்தான் தள்ளுவேன்."

"நாரி எப்படி?" என்று கேட்டான்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரியும் நாரி நோவு பற்றி அவனுக்கு ஆரணி சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவானி வெளிப்படையாகவே சிரித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. சொந்தக் கூரைக்கு ஆசைப்படுகிறவனின் நாரியைப் பற்றிக் கேட்பதுதான் எல்லா ஒன்றியங்களும் செய்கிற வேலை. குணம் அண்ணை சொன்னது சரி என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன்.

நான் செய்யமாட்டேன் என்றேன்

அவன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து ஆரணியிடம் சொன்னேன்.

"கலியாணத்தை நான் மறிக்கேல்லை. ஆனா தாரை வார்க்க என்னாலை ஏலாது. சித்தப்பா செய்யட்டும்."

தாரை வார்ப்பதென்றால் பெண்ணின் கையைத் தகப்பன் எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, தாய் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது. அதோடு அவள் அந்த வீட்டுப் பிள்ளை. தகப்பன் உயிரோடு பக்கத்தில் நிற்க, சித்தப்பா அதைச் செய்தால் மண்டபம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடும்.

ஆரணி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் கோபம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

"ஏன் ஏலாது?"

"தன்ரை நாடு எது எண்டு தெரியாதவனிட்டை என்ரை பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது?"

"அவருக்குத் தெரியும், அப்பா. உங்களுக்குத்தான் அவர் சொல்லுறது பிடிக்கேல்லை." பிறகு, "நீங்கள் தராட்டி நான் ஐயரை வைச்சுக் கலியாணமே செய்யமாட்டன். றோட்ஹுஸிலை எழுதிப்போட்டு, பின்னேரம் வேலைக்குப் போவன்" என்றாள்.

சொன்னால் செய்வாள். நகரசபையில் ஒரு கையெழுத்தோடு என் ஒரே பிள்ளையின் கலியாணம் முடிந்துவிடும். நான் அங்கே ஒரு கதிரையில் சாட்சிபோல இருப்பேன். அல்லது அதுகூட இல்லை. ஆனாலும் வாய் இறங்கவில்லை.

"நீங்களும் உங்கட குணம் அண்ணையும்" என்று மட்டும் பவானி சொன்னாள்.

பஸ் தரிப்பில்

அவனைப் பஸ் தரிப்புவரை காரில் கொண்டுபோய் விட வேண்டியது நான். வெளியே இருட்டிவிட்டது, தரிப்பில் விளக்கு எரிந்தது. மழையும் பனியுமாகக் கலந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் வர நேரம் இருந்ததால் காரை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளேயே இருந்தோம்.

நான் கேட்டே விட்டேன். "உன்னை யாராவது அனுப்பினார்களா?"

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"இல்லை. ஆனால் எனக்கும் சந்தேகம் வருவதுண்டு" என்றான். "நீ பிரித்தானியனா, வேல்ஸ்காரனா என்று யாராவது கேட்டால், இவருக்கு என்ன பதில் வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன். கேட்கிற எல்லோரிடமும் ஏற்கனவே ஒரு பதில் இருக்கும். உங்களிடமும் இருந்தது."

நான் கண்ணாடித் துடைப்பானை ஒருதரம் போட்டு நிறுத்தினேன். அவன் தொடர்ந்தான்.

"எங்களை ஒருதரம் கேட்டார்கள், உங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமா என்று. எங்கள் சனமே வேண்டாம் என்று வாக்குப் போட்டுத் தோற்கடித்தது. அப்பா அழுதாராம். பிறகு பல வருடம் கழித்து இன்னொருதரம் கேட்டார்கள். மயிரிழையில் வென்றது. திரும்பவும் அப்பா அழுதார். இனி ஒருநாள் பெரிய கேள்வியையும் கேட்கலாம். அதுவரை நான் திங்கட்கிழமை ஒன்றும் வியாழக்கிழமை ஒன்றும் நினைக்கலாம். அதற்காக யாரும் வந்து என் கதவைத் தட்டமாட்டார்கள்."

அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். பஸ் வந்தது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு மழைக்குள் ஓடினான்.

நான் காரை எடுக்காமல் இருந்தேன். எங்களை யார் கேட்டது? ஒருநாளும் ஒருத்தரும் எங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும், ஓமா இல்லையா என்று ஒரு கடதாசியைத் தந்து கேட்கவில்லை. நாங்களாகக் கேட்டபோது நடந்தது எல்லோருக்கும் தெரியும். என் தலைமுறையில் ஒருவனுக்கு வியாழக்கிழமை மனம் மாறினால், அதை வெளியில் சொல்ல இரண்டு பக்கத்தாருக்கும் பயப்பட வேண்டியிருந்தது. இவன் முப்பது வயதில், காலுறையில் நூல் விட்டபடி, முடிவெடுக்காமல் இருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குப் பொறாமை. வேறொன்றுமில்லை. அதைச் சந்தேகம் என்று நானும் சொல்லி, குணம் அண்ணையும் சொல்லி, நன்றாக வளர்த்து வைத்திருந்தோம். சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பவானியிடம், "தாரை நானே வாக்கிறன்" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "ஓம், தெரியும்" என்றாள்.

ஐயர் கேட்ட கேள்வி

கலியாணம் வசந்தத்தில், ஒஸ்லோவில் ஒரு மண்டபத்தில். றீஸ் வேட்டியும் தலைப்பாகையுமாக மணவறையில் நிமிர்ந்து இருந்தான். வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் அசையவே இல்லை. முன்வரிசையில் ஒரு பக்கம் அவனுடைய தாயும் தகப்பனும். மறுபக்கம் குணம் அண்ணை, கையைக் கட்டிக்கொண்டு.

ஆரணியின் கையை என் கையில் எடுத்தேன். குளிர்ந்திருந்தது. பவானி செம்போடு பக்கத்தில் நின்றாள். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். பூட்டன், பாட்டன், தகப்பன் என்று இரண்டு பக்கத்துப் பெயர்களையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் நடக்கிற கலியாணம் என்பதால் எங்கள் ஐயர் நாட்டையும் சேர்ப்பார். நடுவில் நிறுத்தி என் பக்கம் குனிந்தார். மைக் திறந்தே இருந்தது.

"மாப்பிள்ளைப் பகுதி எந்த நாடு? இங்கிலாந்து எண்டு சொல்லட்டோ?"

"இல்லை ஐயா. வேல்ஸ்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகவே வந்துவிட்டது. முன்வரிசையில் றீஸின் தகப்பன் தனக்கு விளங்கிய அந்த ஒரு சொல்லுக்கு எழும்பி நின்று கைதட்டினார். சனம் சிரித்தது. ஐயர் அதைச் சொல்லி, மூன்று தலைமுறையையும் சொல்லி முடித்தார்.

"பொம்பிளைப் பகுதி?"

"அளவெட்டி" என்றேன்.

"அது ஊர், அண்ணை. நாடு?"

வாயைத் திறந்தேன். இலங்கை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. மற்றப் பெயரைச் சொல்வேன் என்று குணம் அண்ணை கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு முன்னுக்கு வந்திருந்தார். அந்தப் பெயரில் ஒரு நாட்டை இந்த உலகத்தில் ஒருவரும் எனக்குத் தந்ததில்லை. நோர்வே என்றால் பிள்ளைக்குச் சரி. ஆனால் அடுத்ததாக ஐயர் சொல்லப்போவது என் அப்பாவின் பெயரும் பாட்டனின் பெயரும். அவர்கள் பனியைப் படத்தில்கூடக் கண்டவர்கள் இல்லை.

என் கைக்குள் ஆரணியின் விரல்கள் அசைந்தன.

றீஸ் தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி நோர்ஸ்க்கில் சொன்னான்: "அவசரம் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கிண்டலாகச் சொன்னானா, இரக்கத்தில் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

"முகூர்த்தம் போகுதப்பா" என்று சொல்லிவிட்டுப் பவானி செம்பைச் சரித்தாள். தண்ணீர் என் விரல்களிலும் ஆரணியின் விரல்களிலும் ஓடி, கீழே விரிந்திருந்த அவன் கையில் விழுந்தது. ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு என் பாட்டனின் பெயருக்குப் போனார்.

மாப்பிள்ளைக்கு நாடு சொல்லியாயிற்று. என் பிள்ளையை நான் நாடு சொல்லாமலே கொடுத்தேன்.